விளம்பரத்தில் 1000, தாளில் 1202: காரின் உண்மை விலை எது?

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. முதல்முறையாகப் புதுக் கார் வாங்கப் போகிறோம். மாடல், நிறம் எல்லாம் முடிவாகிவிட்டது. மூன்று ஷோரூம்களில் விசாரித்தோம். விளம்பர விலை மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் கணக்கு மூன்று விதமாக வருகிறது. முதல் ஷோரூமில் நீளமான பட்டியல் தந்தார்கள், அதுதான் எல்லாவற்றிலும் அதிகம். இரண்டாவதில் பெரிய தள்ளுபடி, ஆனால் கடனை அவர்கள் மூலம்தான் வாங்க வேண்டுமாம். எங்கள் வங்கி 9 சதவீத வட்டி சொல்கிறது, அவர்கள் 10.5. மூன்றாவதில் மொத்த விலையையே சொல்லவில்லை. "மாதம் இவ்வளவு கட்டினால் போதும் மேடம்" என்கிறார்கள். தாள்களில் பெயர் போட்டிருந்த காப்பீட்டு நிறுவனத்திடமே நான் நேராக விசாரித்தபோது இன்சூரன்ஸுக்கு முதல் இரண்டு தாள்களில் இருப்பதைவிடக் குறைவாகச் சொன்னார்கள். எதைத்தான் நம்புவது? இவ்வளவு துருவிக் கேட்டால் நம்மைக் கஞ்சர்கள் என்று நினைப்பார்கள் என்கிறார் என் கணவர். தாள்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

தாள்களைப் படம் எடுத்து அனுப்பியது மிகவும் நல்ல காரியம். கடைசித் தொகையை மட்டும் எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. இங்கே உங்கள் தொகைகளை அப்படியே போடவில்லை. விளம்பர விலையை 1000 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதே விகிதத்தில் மாற்றிக்கொண்டேன். உங்கள் சொந்தக் கணக்கும் வெளியே வராது, வேறு எந்தப் பணத்தில் கார் வாங்குகிறவருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில் உங்கள் கணவருக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் கார்தான். அதன் விலையைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். தணிக்கை வேலைக்கு வருவதற்கு முன் 11 ஆண்டுகள் ஒரு கார் ஷோரூமின் கணக்குப் பிரிவில் பில் போட்டவன் நான். வரிவரியாகக் கேட்டவர்களை யாரும் கேவலமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களின் கோப்பு மேசைக்கு வந்தால், "இவங்களுக்குச் சரியா போடு" என்றுதான் மேலாளர் சொல்வார். மற்றவர்களுக்கு எப்படிப் போட்டோம் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே இருக்கிறது. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது. இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பென்சில் எடுங்கள். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது? அரசுக்கா, தயாரித்த நிறுவனத்துக்கா, காப்பீட்டு நிறுவனத்துக்கா, ஷோரூமுக்கா? அரசுக்குப் போகும் பணத்தை ஒருவராலும் குறைக்க முடியாது, கூட்டவும் கூடாது. அதனால் மூன்று தாள்களிலும் அது ஒரே தொகையாக இருக்க வேண்டும். ஷோரூமுக்குப் போகும் பணம் முழுவதும் பேசித் தீர்க்கக்கூடியது. தாளில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி, இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் எதைப் பேசலாம், எதைப் பேசிப் பயனில்லை என்பது பிரிந்துவிடும்.

முதல் தாளை எடுங்கள். கார் 1000. பதிவும் சாலை வரியும் 110. இன்சூரன்ஸ் 42. ஹேண்ட்லிங் 12. ஆக்சஸரீஸ் 22. கூடுதல் வாரண்டி 18. பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு 15. இதரம் 8. கூட்டினால் 1227. அதில் தள்ளுபடி 25 போக 1202.

இந்த 1000 என்பதே என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. விளம்பர விலைக்கு உலகம் முழுக்க ஒரே பொருள் கிடையாது. ஐரோப்பிய நாடுகளில் மதிப்புக் கூட்டு வரி உள்ளடங்கிய விலையைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டுவார்கள். அமெரிக்காவில் விற்பனை வரி அப்புறம்தான் சேரும். அங்கே 1958-இல் வந்த ஒரு சட்டப்படி, புதுக் காரின் கண்ணாடியில் விலை விவர ஒட்டி இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் வசதிகளின் விலை, ஆலையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் செலவு மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். அதைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே அந்த ஒட்டியை இன்றும் அழைக்கிறார்கள். காரை வாங்குகிறவரைத் தவிர வேறு யாரும் அதை அகற்றக் கூடாது. அவ்வளவு கண்டிப்பான ஒட்டியிலும் விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் இருக்காது! சிங்கப்பூரில் 1990 முதல் காருக்கான உரிமச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், அது 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். டென்மார்க்கில் பதிவு வரியின் மேல் அடுக்கு 150 சதவீதம். அதனால் எந்த ஊரில் வாங்கினாலும் முதல் கேள்வி, விளம்பர விலைக்குள் எந்த வரி அடங்கியிருக்கிறது, எது வெளியே நிற்கிறது என்பதுதான். விலை எழுதியிருக்கும் உங்கள் முதல் இரண்டு தாள்களிலும் விற்பனை வரி 1000-க்குள்ளேயே இருக்கிறது. பதிவும் சாலை வரியும் தனியாக 110 என்று இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றன. அரசின் இணையப் பக்கத்தில் உள்ள கட்டணத்தோடு அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் இந்த வரியோடு "அலுவலகச் செலவு" என்று கொஞ்சம் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிடுவார்கள். அரசு ரசீதில் இருக்கும் தொகைதான் நீங்கள் கட்ட வேண்டியது. ரசீது இல்லாத மீதி, அரசு வரி என்ற பெயரில் வந்தாலும் அரசுக்குப் போகவில்லை.

இங்கே தள்ளுபடி பற்றி ஒரு நுணுக்கம். அதை வரிக்கு முன்னால் கழிக்கிறார்களா, பின்னால் கழிக்கிறார்களா என்று கேளுங்கள். வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 தள்ளுபடியை பில் விலையிலேயே குறைத்தால் உங்களுக்கு மிச்சம் 33. வரியெல்லாம் போட்ட பிறகு 30-ஐக் கழித்தால் மிச்சம் 30 மட்டும். எது அனுமதி என்பதை அந்தந்த இடத்து வரிச் சட்டம்தான் முடிவு செய்யும், ஷோரூம் நினைத்தபடி செய்ய முடியாது. ஆனால் இரண்டு வழியும் இருக்கும் இடத்தில், கேட்காதவருக்குப் பின்னால்தான் கழிப்பார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். முதல் தாளில் 42, இரண்டாவதில் 44. நேராகக் கேட்டபோது 35 என்று சொன்னதாகக் குறித்திருக்கிறீர்கள். இதில் அவசரப்பட்டு மகிழ வேண்டாம், முதலில் இரண்டும் ஒரே பாலிசிதானா என்று பாருங்கள். காருக்கு எவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அந்த மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும். ஆனால் கார் திருடுபோனாலோ விபத்தில் முழுதாக நொறுங்கினாலோ கைக்கு வரும் தொகையும் அதே அளவு குறையும். பிறகு, பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் முழுத் தொகை தரும் சேர்க்கை இருக்கிறதா, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கான பாலிசி என்பதையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களில் இவையெல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் இடையில் இருக்கும் 7 ஷோரூமுக்குப் போகும் பங்கு. காப்பீட்டை வெளியே எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே 42 இறங்கி 36 ஆகும், 35 ஆகும். ஷோரூமிலேயே எடுத்தால் பழுது பார்க்கும்போது கோரிக்கை எளிதாக நடக்கும் என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த ஷோரூமின் பணிமனையோடு நேரடி ஏற்பாடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இருந்தால், பாலிசியை நீங்கள் நேராக எடுத்தாலும் அதே வசதி கிடைக்கும்.

இனி ஷோரூம் கைக்குப் போகும் வரிகள். நான் பில் போட்ட காலத்தில் இவற்றைத் தினமும் தட்டச்சு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹேண்ட்லிங் 12. ஆலையிலிருந்து ஊருக்குக் கொண்டுவரும் செலவு உண்மையான செலவுதான். ஆனால் அது பெரும்பாலும் தயாரிப்பாளர் நிர்ணயித்த விலையிலேயே அடங்கியிருக்கும், அல்லது எல்லா ஷோரூமுக்கும் ஒரே தொகையாகத் தனியே காட்டப்பட்டிருக்கும். உங்கள் தாள்களில் முதல் ஷோரூம் 12, இரண்டாவது 10 என்று போட்டிருக்கிறது. ஒரே ஆலையிலிருந்து ஒரே ஊருக்கு வரும் ஒரே காருக்கு இரண்டு தொகை இருக்க முடியாது. ஆகவே இது தயாரிப்பாளருக்குப் போகும் பணம் இல்லை. கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டி வருவது, கழுவுவது, கோப்பு தயாரிப்பது என்று காரணம் சொல்வார்கள். விற்கிறவர் செய்ய வேண்டிய வேலைகள் அவை. "இது எந்தச் செலவுக்கு? இதற்குத் தனி பில் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டால் இந்த வரி பல நேரம் காணாமல் போகும். போகாவிட்டால் அதே அளவுக்குத் தள்ளுபடியைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, மொத்தம் குறைந்தால் சரி.

இதரம் 8. நீங்கள் கட்டாயம் விளக்கம் கேட்க வேண்டிய வரி இது. இதரம் என்பது செலவின் பெயரே அல்ல. எண்பலகைக் கட்டணம், தற்காலிகப் பதிவு போன்ற உண்மையான சிறு செலவுகள் இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லி எழுதட்டும். இரண்டாவது தாளில் "எண்பலகையும் பிறவும்" என்று 8 இருக்கிறது. அதையும் பிரித்துக் கேளுங்கள்.

ஆக்சஸரீஸ் 22. பேக்கேஜ் என்று ஒரு பெயரும் மொத்தத் தொகையும் மட்டும் இருக்கிறது, உள்ளே என்ன என்று எழுதவில்லை. மிதியடி, சேறு தடுப்பான், சீட் உறை, கதவோரப் பட்டை போன்றவைதான் வழக்கமாக இருக்கும். பொருள்வாரியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். எது தேவை என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள். மிதியடியை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஒயரைத் தொட்டு வேலை செய்யும் பொருள்களை, அதாவது ஸ்டீரியோ, கூடுதல் விளக்கு, கேமரா போன்றவற்றை, நிறுவனம் அனுமதித்த இடத்தில் போடுவதே நல்லது. வெளியே ஒயரை வெட்டி இணைத்தால் மின் பாகங்களின் வாரண்டியில் தகராறு வரும். அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பாதுகாப்புப் பூச்சு 15. இன்றைய கார்களின் உடல் ஆலையிலேயே துருத் தடுப்புக் குளியல் கண்டு, பல அடுக்குப் பெயிண்டும் மேலே தெளிவான பூச்சும் பெற்று வருகிறது. துருவுக்கு எதிரான வாரண்டி உங்கள் கையேட்டில் தனியாகவே இருக்கும், படித்துப் பாருங்கள். மேலே போடும் பூச்சு பளபளப்பைக் கொஞ்ச நாள் காக்கும், அழுக்கு எளிதில் போகும். அவ்வளவே. ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள், ஆனால் காரின் விலையோடு சேர்த்துக் கடனில் செய்யாதீர்கள். கடனில் செய்தால் அந்தப் பூச்சு மறைந்த பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கூடுதல் வாரண்டி 18. இது மற்றவை போல இல்லை, பயனுள்ள பொருள். நீண்ட காலம் ஒரே காரை வைத்திருக்கப் போகிறவர்கள் யோசிக்கத்தக்கது. ஆனால் இன்றே வாங்க வேண்டுமா? பல நிறுவனங்களில் அடிப்படை வாரண்டி முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் இதை எடுக்கலாம். தாமதித்தால் விலை எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாரண்டி தருவது தயாரித்த நிறுவனமா, வேறொரு நிறுவனமா என்று பாருங்கள். வேறொரு நிறுவனம் என்றால் எந்தப் பாகங்கள் விலக்கு என்ற பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

இப்போது முதல் தாளை மறுபடி கூட்டுவோம். கார் 1000, அரசு 110, நேராக எடுத்த இன்சூரன்ஸ் 35, ஹேண்ட்லிங் 12. மொத்தம் 1157. தள்ளுபடி 25 போக 1132. மூன்றில் மிக அதிகம் என்று நீங்கள் நினைத்த தாள், தேவையில்லாததை எடுத்தபின் 70 குறைந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: ஆக்சஸரீஸ் வாங்கினால்தான் 25 தள்ளுபடி என்று சொல்லக்கூடும். அதை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது தாள். கார் 1000, அரசு 110, இன்சூரன்ஸ் 44, ஹேண்ட்லிங் 10, எண்பலகையும் பிறவும் 8. மொத்தம் 1172. தள்ளுபடி 40 போக 1132. பார்த்தவுடன் கண்ணைக் கவரும் தாள் இது. ஆனால் அந்த 40-ஐ எங்கிருந்து தருகிறார்கள்? நீங்கள் 900 கடன் வாங்கப் போவதாகவும், 60 மாதம் கட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வங்கியின் 9 சதவீதத்தில் மாதத் தவணை 18.68, ஐந்து ஆண்டில் கட்டும் மொத்த வட்டி 221. ஷோரூம் சொல்லும் 10.5 சதவீதத்தில் தவணை 19.34, மொத்த வட்டி 261. வித்தியாசம் 40! தள்ளுபடியாகத் தந்ததை வட்டியாக முழுவதும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். மாதத்துக்கு 0.66 மட்டுமே கூடுவதால் யார் கண்ணிலும் அது படாது. கடனை வெளியே வாங்கினால் தள்ளுபடி 10 தான் என்று அந்தத் தாளின் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. அப்படியானால், இன்சூரன்ஸையும் 35 ஆக்கிக்கொண்டால், இரண்டாவது ஷோரூமின் விலை 1153. முதல் ஷோரூமைவிட 21 அதிகம். வரிசை தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா?

கடன் என்று வரும்போது வட்டியின் சதவீதம் மட்டும் போதாது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். குறைந்துகொண்டே வரும் அசலுக்கு வட்டி என்பது ஒரு வழி, ஃபிளாட் வட்டி என்பது இன்னொரு வழி. ஃபிளாட்டில், நீங்கள் அசலில் பாதியைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி போடுவார்கள். 900-க்கு 5 சதவீத ஃபிளாட் என்றால் ஐந்து ஆண்டுக்கு வட்டி 225. உங்கள் வங்கியின் 9 சதவீதத்தில் 221. ஆக, "வெறும் 5 சதவீதம்தான்" என்பது உங்கள் வங்கியைவிட விலை கூடியது. இதில் ஏமாந்த படித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், காரணம் எண் சின்னதாக இருப்பதுதான்.

செயலாக்கக் கட்டணம், ஆவணக் கட்டணம், முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் ஆகியவற்றையும் கடனின் விலையில் சேருங்கள். அப்புறம் கடன் பாதுகாப்புக் காப்பீடு. நான் வேலை செய்த காலத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் கார் எடுத்தார். ஆறு மாதம் கழித்து வங்கிக் கணக்கு விவரத்தோடு வந்து, "நான் கேட்ட கடனைவிட இது ஏன் அதிகமாக இருக்கிறது?" என்று கேட்டார். அவருடைய ஆயுளுக்கு ஒரு காப்பீடு எடுத்து, அதன் முழு பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே சேர்த்திருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட பல தாள்களில் ஒன்று அது. காப்பீடு கெட்ட பொருள் அல்ல. குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியத்தில் கடன் ஓடுகிறது என்றால் தேவையும்கூட. ஆனால் எடுப்பது தெரிந்து எடுக்க வேண்டும். "கடன் தொகையாக எவ்வளவு எழுதப் போகிறீர்கள்? அதில் எவ்வளவு காருக்கு?" என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை சமமாக இல்லாவிட்டால் நடுவில் எதுவோ இருக்கிறது.

மூன்றாவது தாளில் விலையே இல்லை. முன்பணம் 200, மாதம் 21, 60 மாதம். அந்த 21-க்குள் என்ன விலை இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வட்டி 9 சதவீதம் என்றால் அதற்குள் 1012 கடன் இருக்கிறது, காரின் விலை 1212 ஆகிறது. வட்டி 10.5 என்றால் கடன் 977, காரின் விலை 1177. இரண்டுக்கும் தவணை ஒன்றுதான். விலையைக் கூட்டலாம், வட்டியைக் கூட்டலாம், மாதத்தைக் கூட்டலாம், வாங்குகிறவர் பார்ப்பதோ 21 மட்டும். நீங்களே கூட்டிப் பாருங்கள்: 200-ம், 21-ஐ 60-ஆல் பெருக்கிய 1260-ம் சேர்ந்து 1460. முதல் ஷோரூமின் 1132-க்கு அதே 200 முன்பணம் கட்டி, மீதி 932-ஐ உங்கள் வங்கியில் 9 சதவீதத்துக்கு வாங்கினால் தவணை 19.35, கையைவிட்டுப் போவது மொத்தம் 1361. ஒரே கார், ஒரே முன்பணம், ஒரே 60 மாதம். இடையில் 99 நிற்கிறது, காரின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

தவணையைக் குறைத்துத் தருகிறேன் என்று 84 மாதமாக நீட்டச் சொன்னால் அதையும் இப்படியே பாருங்கள். 900 கடனுக்கு 9 சதவீதத்தில் தவணை 18.68-லிருந்து 14.48 ஆகும். மூச்சு விடலாம் போல இருக்கும். வட்டியோ 221-லிருந்து 316 ஆகும். உங்கள் மாத வருமானத்துக்கு 18.68 உண்மையிலேயே முடியாது என்றால், 84 மாதத்துக்குப் போவதைவிடச் சற்றுக் குறைந்த மாடலைப் பார்ப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். கடைசி இரண்டு ஆண்டுகளில் காரின் சந்தை மதிப்பு நன்றாக இறங்கியிருக்கும், டயர், பேட்டரி என்று செலவும் வந்திருக்கும், தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டியே இல்லாத கடன் என்று விளம்பரம் வருகிறதே என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது எப்போதும் ஏமாற்று அல்ல. "அதை எடுக்காவிட்டால் எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள்?" என்று கேளுங்கள், அதுதான் அந்தக் கடனின் விலை. வட்டியில்லாமல் 900-ஐ 36 மாதத்தில் கட்டினால் மாதம் 25. அதற்குப் பதில் 120 தள்ளுபடி தருகிறார்கள் என்றால், 780 மட்டும் 9 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 24.80. கிட்டத்தட்ட சமம். தள்ளுபடி 60 தான் என்றால் வட்டியில்லாக் கடனே லாபம்.

உங்களிடம் பழைய கார் இல்லை, அதனால் எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்லவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று மட்டும்: புதுக் காரின் விலையை எழுத்தில் வாங்கி முடித்த பிறகு பழைய காரைப் பற்றிப் பேச்செடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழைய காருக்கு 30 கூட்டிக் கொடுத்துப் புதுக் காரில் 30 தள்ளுபடியை நிறுத்திக்கொள்வார்கள், உங்களுக்கு இரண்டுமே கிடைத்ததுபோல் தோன்றும். வெளியே விற்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். சில நாடுகளில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த மீதிக்கு மட்டும் விற்பனை வரி போடுவார்கள். அங்கே வெளியே கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் ஷோரூமில் கொடுப்பதே லாபமாக முடியலாம்.

விலை ஒன்றாகத் தெரிந்தாலும் கார் ஒன்றாக இல்லாமல் போகும் வாய்ப்பும் உண்டு. கார் தயாரான மாதமும் ஆண்டும் என்ன என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். போன ஆண்டு தயாராகிக் கிடங்கில் நின்ற காரை இந்த ஆண்டு வாங்கினால், நாளை விற்கும்போது அது ஓர் ஆண்டு மூத்த கார்தான். தள்ளுபடி அதற்கு ஈடாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், பல நேரம் நல்ல வாய்ப்பாகவும் அமையும். ஆனால் அது தெரிந்து செய்யும் முடிவாக இருக்கட்டும். நிறத்தையும் பாருங்கள். உலோகப் பளபளப்பு நிறங்களுக்குத் தனி விலை இருக்கலாம், மூன்று தாள்களிலும் ஒரே நிறம்தானா என்று சரிபாருங்கள்.

இன்று மாலையே மூன்று ஷோரூமுக்கும் ஒரே செய்தியை எழுதி அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "இந்த மாடல், இந்த நிறம், இந்த ஆண்டு தயாரிப்பு. இந்த முகவரியில் பதிவு. இன்சூரன்ஸ் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கடனும் எங்கள் வங்கியில். ஆக்சஸரீஸ், பூச்சு, கூடுதல் வாரண்டி வேண்டாம். சாவியை வாங்கும் நாளில் நாங்கள் உங்களுக்குக் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? அரசுக் கட்டணங்களைத் தனியாகக் காட்டுங்கள். இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்? அட்வான்ஸ் கட்டிய பிறகு விலை ஏறினால் எந்த விலை எங்களுக்கு? நாங்கள் வேண்டாம் என்றால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா?"

கடைசி மூன்று கேள்விகளைத் தவறவிடாதீர்கள். கார் வருவதற்குச் சில வாரம் ஆகும் என்றால் இடையில் நிறுவனம் விலையை ஏற்றலாம், அரசு வரியை மாற்றலாம். பல ஷோரூம்களின் விண்ணப்பத்தில், டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும் என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். வரி மாறினால் அதை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும், குறைந்தாலும் உங்களுக்கே. ஆனால் ஷோரூம் சொன்ன தள்ளுபடி மாறக் கூடாது என்பதை விண்ணப்பத்திலேயே கையால் எழுதி, மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்த பதில்களில் குறைந்ததை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பிடித்த ஷோரூமுக்குப் போகலாம். மாதக் கடைசியில் போனால் இன்னும் நல்லது, விற்பனை இலக்கை எட்டினால் தயாரிப்பாளரிடமிருந்து அவர்களுக்கு ஊக்கத்தொகை வரும். ஆனால் இதற்காக மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 3 அல்லது 4 வித்தியாசத்துக்காகத் தொலைவில் உள்ள ஷோரூமுக்கும் போக வேண்டாம். சர்வீசுக்குப் பல ஆண்டு போய்வரப் போகும் இடம், நன்றாகப் பேசி நன்றாக வேலை செய்கிறார்கள் என்றால் அந்தச் சிறு தொகை பெரிதல்ல. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

சாவி வாங்கும் நாளில் மகிழ்ச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். கட்டிய ரசீதுகளை எல்லாம் கூட்டுங்கள். இன்னொரு பக்கம் காரின் பில், அரசு வரி ரசீது, பாலிசி ஆகியவற்றைக் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் உள்ள சேஸிஸ் எண் காரில் உள்ள 17 எழுத்தும் எண்ணும் கொண்ட எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொகையில் வித்தியாசம் இருந்தால் அதற்கான பில்லை அங்கேயே கேளுங்கள், பில் இல்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதுவரை, காரைக் குறையில்லாமல் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்று ஷோரூம்களின் பதிலும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது ஷோரூம் மறுபடியும் தவணையை மட்டும் சொன்னால், அவர்களை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு பேசுங்கள்.